ஈட்டலும் கற்றலும்: சதாரா காட்டிய வழி

கல்லூரிக் கல்விக்குப் பொருள் தேடும் வழிகள் நம் நாட்டில் மூன்று வகையாக வளர்ந்து வந்திருக்கின்றன. செல்வர் வைத்துச் சென்ற அறநிதி ஒன்று. பின்னர் திருப்பிச் செலுத்தவேண்டிய கடன் மற்றொன்று. மாணவனின் சொந்த உழைப்பு மூன்றாவது. முதல் வழிக்குச் சென்னைப் பச்சையப்பர் அறம் தக்க சான்று. 1794-இல் காலமான பச்சையப்ப முதலியார் விட்டுச் சென்ற செல்வத்தினின்று 1842-இல் ஒரு பள்ளி தோன்றியது. அதுவே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. இரண்டாவது வழிக்கு 1892-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா நிறுவிய நிதியைக் கூறலாம். உயர்கல்வி பெற வெளிநாடு சென்ற இந்திய இளைஞருக்கு அது கடனாகப் பொருள் உதவியது. மூன்றாவது வழி மகாராஷ்டிரத்துச் சதாராவில் உருப்பெற்றது. அதன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

சதாரா உழவருக்குக் கடன் என்ற சொல் புதிதன்று. தக்காணத்தில் ஆங்கிலேயர் ஏற்படுத்திய ரயத்துவாரி முறையில், ஒவ்வோர் உழவனும் நிலவரியை நேரே அரசுக்குச் செலுத்த வேண்டியிருந்தது. மழை பொய்த்த ஆண்டிலும் வரி நின்றபாடில்லை. வட்டிக்குக் கொடுப்போரை நாடிய உழவன், தன்னால் படிக்க இயலாத பத்திரத்தில் கைநாட்டு வைத்தான். 1875-ஆம் ஆண்டு மே மாதத்தில் புனா மாவட்டத்துச் சுபா என்னும் ஊரில் உழவர் கிளர்ந்தெழுந்தனர். கடன் பத்திரங்களைக் கைப்பற்றித் தீக்கிரையாக்கினர். கிளர்ச்சி அண்டை ஊர்களுக்கும் பரவிற்று. அதன் பயனாக 1879-இல் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் பிறந்தது. சதாராவும் அச்சட்டத்திற்கு உட்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. எழுத்தறியாமையும் கடனும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதை அந்நாட்டு மக்கள் பட்டறிந்தவர்கள். அத்தகையோரிடம் சென்று, மகனைப் படிக்க வைக்கக் கடன் வாங்குக என்று சொல்வது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடை கண்டவர் பாவுராவ் பாட்டீல். 1887-இல் கோலாப்பூரை அடுத்த கும்போஜ் என்னும் ஊரில் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். கோலாப்பூரில் பயின்ற காலத்தில், மாணவர் விடுதிகள் பலவற்றை ஆதரித்த சாகு மகாராஜாவின் சீர்திருத்தக் கொள்கைகள் அவர் உள்ளத்தில் பதிந்தன. ஜோதிராவ் புலே தோற்றுவித்த சத்தியசோதக் இயக்கத்திலும் அவர் ஈடுபட்டார். பட்டம் பெற்றவரல்லர், கலப்பை முதலிய பொருள்களை விற்கும் பணியில் ஊர் ஊராக அலைந்தவர். அவ்வலைச்சலே அவருக்கு உழவர் வாழ்வைக் கற்பித்தது.

1919-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், கராட் நகருக்கு அருகிலுள்ள காலே என்னும் சிற்றூரில் ரயத் சிக்ஷண் சம்ஸ்தா என்ற கழகத்தை அவர் தொடங்கினார். ரயத் என்பது ரயத்துவாரி என நாமும் அறிந்த சொல்லே. குடியானவன் என்பது பொருள். 1924-இல் கழகம் சதாராவுக்கு மாறியது. அங்கு எழுந்த விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உண்டு உறைந்தனர். 1927-இல் காந்தியடிகள் அதனைப் பார்வையிட்டார். உழவர் மனமுவந்து அளித்த தானியமே விடுதியின் உணவு. அது போதாத நாள்களில் பாவுராவின் மனைவி இலட்சுமிபாயின் நகைகள் ஒவ்வொன்றாக விலையாயின. இறுதியில் தாலியும் சென்றது. 1930-இல் அவ்வம்மையார் மறைந்தார்.

கொடையை மட்டும் நம்பிக் கல்வியைப் பெருக்க முடியாதென்று கண்ட பாவுராவ், 'கமவா வ சிகா' என்ற நெறியை வகுத்தார். தமிழில் 'ஈட்டுக, கற்க' என்று அதனைச் சொல்லலாம். மாணவர்கள் தரிசு நிலத்தைத் திருத்திப் பயிரிட்டனர், கிணறு வெட்டினர், தாங்கள் பயிலும் கட்டடத்திற்குத் தாங்களே கல் சுமந்தனர். உழைப்பின் பயன் அவர்தம் உணவிற்கும் படிப்புச் செலவிற்கும் ஈடாயிற்று. 1940-இல் மகாராஜா சயாஜிராவ் உயர்நிலைப்பள்ளி இம்முறையில் தொடங்கப்பெற்றது. 1947-இல் சத்ரபதி சிவாஜி கல்லூரி சதாராவில் எழுந்தபோது, அதே நெறி கல்லூரிக் கல்விக்கும் உரியதாயிற்று. உழவன் மகன் கடன் பத்திரத்தில் கையொப்பமிடாமலே பட்டதாரியாகலாம் என்ற நிலை அவ்வட்டாரத்தில் உண்டாயிற்று.

இம்முறைக்குத் தடை கூறுவாரும் உளர். செல்வர் மகன் நூலுடன் அமர்ந்திருக்கும் வேளையில் ஏழை மகன் மண்வெட்டி பிடிப்பது நீதியா என்பது அவர்தம் கேள்வி. புறக்கணிக்கத் தக்க கேள்வியன்று. உழைத்துக் களைத்தவனுக்குப் படிக்கும் நேரம் குறையும் என்பது உண்மையே. ஆயினும், உடலுழைப்பைத் தாழ்வெனக் கருதிய சமுதாயத்தில், எல்லாச் சாதி மாணவரும் ஒரே வயலில் வியர்வை சிந்தியது தனியொரு கல்வியாக அமைந்தது. மற்றொன்றையும் மறத்தலாகாது. மாணவர் உழைப்பு மட்டுமே முழுச் செலவையும் தாங்கிவிடவில்லை. குடியானவரின் தானியம், ஓர் அம்மையாரின் நகை, பின்னர் அரசின் மானியம் ஆகிய அனைத்தும் உடன் நின்றன. மாணவன் கடன்படாதிருக்க வேண்டுமாயின், அவனைச் சூழ்ந்த சமுதாயம் பொறுப்பின் ஒரு பகுதியை ஏற்கவேண்டும் என்பதே சதாராவின் வரலாறு உணர்த்தும் பாடம்.

1959-இல் பாவுராவுக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. அவ்வாண்டு மே 9-ஆம் நாள் அவர் காலமானார். அவர் தொடங்கிய கழகம் இன்று மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடத்தி வருகிறது. புனேப் பல்கலைக்கழகத்தின் ஈட்டிக் கற்கும் திட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நூலகம், அலுவலகம் முதலிய இடங்களில் நாளும் சில மணி நேரம் பணிபுரியும் மாணவருக்கு ஊதியம் கொடுப்பது இத்தகைய திட்டங்களின் நோக்கம்.

பிழைப்பை நாடி மகாராஷ்டிரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. ஊரில் உள்ள நிலத்தையோ வீட்டையோ ஈடு வைத்து மக்களைப் படிக்கவைக்கும் பெற்றோரும் நம்மிடையே உளர். பத்திரத்தில் கையொப்பமிடும் முன்னர், தம் மக்கள் சேரும் கல்லூரியில் இத்தகைய திட்டம் உண்டா என்று அவர்கள் ஒருமுறை கேட்டறிதல் நலம். தாம் வாழும் மாநிலத்தின் வரலாற்றை அறிவதால் விளையும் பயன்களுள் இதுவும் ஒன்றாகும்.