ரியூஜோ (விமானந்தாங்கிக் கப்பல்)

ரியூஜோ, ஜப்பானியக் கடற்படையின் இலகு ரக விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசியவை இதன் விமானங்களே. அந்த இரு துறைமுகங்களும் அன்று மதராஸ் மாகாணத்தில் இருந்தன.

1922-ஆம் ஆண்டின் வாஷிங்டன் ஒப்பந்தம் ஒவ்வொரு நாடும் வைத்துக்கொள்ளக்கூடிய விமானந்தாங்கிகளின் மொத்த எடைக்கு வரம்பு விதித்தது. ஆனால் 10,000 டன்னுக்குக் குறைந்த கப்பல்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. இந்த ஓட்டையைப் பயன்படுத்தத்தான், சுமார் 8,000 டன்னில் ரியூஜோ திட்டமிடப்பட்டது. 1929 நவம்பரில் யோகோஹாமாவில் கட்டுமானம் தொடங்கியது. மறு ஆண்டே லண்டன் ஒப்பந்தம் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. இனி சிறிய கப்பலால் லாபமில்லை என்றானதும், ஒரு விமானக் கொட்டகைக்கு மேல் இன்னொன்றை ஏற்றி, 48 விமானங்கள் கொள்ளும்படி செய்தார்கள். அடிப்பகுதி குறுகலாகவே இருக்க, மேல்பாரம் மட்டும் கூடியது. கப்பலின் தொல்லைகள் அனைத்துக்கும் வேர் இதுவே.

1933 மே மாதம் பணியில் சேர்ந்தது. 1934-இல் டொமொசுரு என்ற போர்க்கப்பல் புயலில் கவிழவே, மேல்பாரம் மிகுந்த கப்பல்கள் எல்லாம் சோதிக்கப்பட்டன. ரியூஜோவின் அடிப்பகுதி அகலப்படுத்தப்பட்டு, 12 பீரங்கிகள் எட்டாகக் குறைக்கப்பட்டன. 1935 செப்டம்பர் சூறாவளியில் அலைகள் மேல்தளத்தையும் மாலுமி மேடையையும் சிதைத்தன. அதன்பின் தாழ்வாக இருந்த முகப்பும் உயர்த்தப்பட்டது. பின்பக்க லிஃப்டின் குறுகலை மட்டும் கடைசிவரை சரிசெய்ய முடியவில்லை. புதிய விமானங்கள் பெரிதாகிக்கொண்டே போக, அது ஏறக்குறைய உதவாமலே போனது.

1937-இல் சீனப் போரிலும், 1941 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் டாவோ தாக்குதலிலும் பங்கேற்றது. 1942 ஏப்ரலில் ஜப்பானியத் தளபதி நகுமோவின் ஐந்து பெரிய விமானந்தாங்கிகள் கொழும்பு, திருகோணமலையைத் தாக்கின. அதே நாட்களில் இன்னொரு தளபதியான ஜிசபுரோ ஒசாவாவின் படை வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை வேட்டையாடியது. அந்தப் படையிலிருந்த ஒரே விமானந்தாங்கி ரியூஜோ. 20-க்கும் மேற்பட்ட கப்பல்கள், ஒரு லட்சம் டன்னுக்கு மேல், சில நாட்களில் மூழ்கின. துறைமுகங்களில் விழுந்த குண்டுகளால் சேதம் பெரிதில்லை, பீதிதான் பெரிது. அந்த வாரம் மதராஸ் நகரத்திலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பினார்கள். உண்மையில், எதிர்க்க ஆளில்லாத கடலில் கிடைத்த வெற்றி அது.

ஜூன் மாதம் அலாஸ்காவின் டச்சு ஹார்பரைத் தாக்கியபோது, ரியூஜோவின் ஜீரோ ரகப் போர் விமானம் ஒன்று அகுடான் தீவின் சதுப்பில் இறங்கிக் கவிழ்ந்தது, விமானி இறந்தார். அதிகம் சிதையாத அந்த விமானத்தை அமெரிக்கர்கள் கண்டெடுத்துப் பழுது பார்த்துப் பறக்கவிட்டு, ஜீரோவின் பலவீனங்களைப் படித்துக்கொண்டார்கள். ஜப்பானுக்கு ரியூஜோவால் நேர்ந்த பெரிய நட்டம் இதுவென்றே சொல்லலாம்.

1942 ஆகஸ்ட் 24-இல் கிழக்கு சாலமன் தீவுப் போரில், குவாடல்கனல் விமானத் தளத்தைத் தாக்க ரியூஜோ தன் விமானங்களை அனுப்பியது. அவை திரும்புமுன்பே அமெரிக்காவின் சரடோகா கப்பலிலிருந்து வந்த விமானங்கள் அதன்மேல் குண்டும் டார்பிடோவும் பாய்ச்சின. இறங்கத் தளமில்லாமல் போன அதன் விமானங்களில் சில கடலில் இறங்க நேர்ந்தது. அன்று மாலை ரியூஜோ மூழ்கியது. சுமார் 120 பேர் இறந்தனர். நவம்பரில் கடற்படைப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது.