ஒட்டுத்துணிச் சிறகுகள்: பொம்மை உடையின் வரலாறும் நம் வீட்டுச் செலவும்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் சாலையின் இருமருங்கும் இன்று ஆலைகள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் கார்கள் வெளிவந்தன. 2006-இல் நோக்கியா ஆலை திறக்கப்பட்டது. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை இயங்கத் தொடங்கிற்று. பல மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் சுங்குவார்சத்திரத்திலும் படப்பையிலும் வாடகை வீடுகளில் வாழ்கின்றன. அவற்றுள் நம் குடும்பங்களும் உண்டு. மாதத்தின் முதல் வாரம் சம்பளம் வரும். வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகியன போக மிஞ்சுவது சிறிதே. அந்தச் சிறு தொகையைப் பார்த்துத்தான், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் நீள்கூந்தல் பொம்மையை நம் பெண்பிள்ளைகள் கேட்கின்றனர். பொம்மையோடு நிற்பதில்லை, அதற்கு இன்னோர் உடை, இன்னொரு காலணி, இன்னொரு கைப்பை.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. பொம்மை வீட்டில் இருக்கலாமா என்பது நன்னிமாவின் கேள்வி. இவ்வளவு செலவு தகுமா என்பது அத்தாவின் கேள்வி. இரண்டுக்கும் விடை தேட வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

மதீனாவின் பொம்மைகள்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுமியாக இருந்த காலத்தில் பொம்மைகளை வைத்துத் தம் தோழியரோடு விளையாடியதைப் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளும் பதிவு செய்துள்ளன. நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்குள் வரும்போது தோழியர் நாணி ஒதுங்குவர். அண்ணலாரோ அவர்களை மீண்டும் விளையாட அனுப்பி வைப்பார்கள்.

அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இன்னும் நுட்பமானது. அண்ணலார் ஒரு போர்ப்பயணத்திலிருந்து திரும்பியிருந்தார்கள். காற்று வீசித் திரை விலகியபோது அன்னையாரின் பொம்மைகள் வெளிப்பட்டன. அவற்றினிடையே ஒரு குதிரை. அதற்கு இரு சிறகுகள். குதிரைக்குச் சிறகு உண்டா என்று அண்ணலார் வினவ, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் பதிலளித்தார்கள். அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

இந்தச் செய்தியில் நாம் எளிதில் கடந்து செல்லும் ஒரு சொல் உண்டு. அச்சிறகுகள் 'ரிகாஉ' என்பதால் ஆனவை என்கிறது மூலம். அதன் பொருள் கிழிசல் துண்டுகள், ஒட்டுத்துணிகள். வீட்டில் எஞ்சிய துணியைக் கொண்டு ஒரு சிறுமியின் விளையாட்டுப் பொருள் அலங்கரிக்கப்பட்டிருந்தது.

இன்னொரு செய்தியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஆஷூரா நோன்பின்போது தம் பிள்ளைகளையும் நோன்பு நோற்கச் செய்த மதீனாப் பெண்கள், கம்பளியால் விளையாட்டுப் பொருள்கள் செய்து வைத்துக்கொண்டனர். உணவு கேட்டு அழும் குழந்தையின் கையில் அதைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை பராக்குக் காட்டினர் என்று ருபய்யிஉ (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அங்கும் பொம்மை தாயின் கைவேலையாகவே இருந்தது.

இவ்வறிவிப்புகளைச் சான்றாகக் கொண்டு, சிறுமியரின் பொம்மைகள் உருவங்கள் பற்றிய பொதுத் தடையிலிருந்து விலக்குப் பெற்றவை என அறிஞர்களுள் பெரும்பான்மையோர் கூறியுள்ளனர். கண், மூக்கு முதலியன தெளிவாகச் செதுக்கப்பட்ட இக்கால பொம்மைகளுக்கு அவ்விலக்குப் பொருந்தாது என்போரும் உளர். ஆகவே நன்னிமாவின் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டு, குடும்பம் முடிவு செய்யட்டும்.

இளவரசியின் மரப்பொம்மைகள்

நாகரிக உடையைக் காட்டும் பொம்மை முதலில் பிள்ளைகளுக்காகப் பிறந்ததன்று. ஐரோப்பிய அரசவைகளில், பாரிஸ் நகரின் புதிய ஆடைப் பாங்கைப் பிற நாட்டுச் சீமாட்டிகளுக்குக் காட்டுவதற்காக உடை அணிவித்த பொம்மைகள் அனுப்பப்பட்டன. அச்சிட்ட ஆடைப் படங்கள் பெருகாத காலத்தில் பொம்மையே தூதாயிற்று.

பின்னாளில் இங்கிலாந்தின் அரசியான விக்டோரியா, சிறுமியாக இருந்தபோது 132 சிறு பொம்மைகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவை விலையுயர்ந்தவை அல்ல. சந்தையில் மலிவாகக் கிடைத்த மரப்பொம்மைகள். அவற்றுள் 32-க்கு அவரே ஊசி பிடித்து உடை தைத்தார். ஏனையவற்றுக்குப் பெரிதும் அவருடைய ஆசிரியை தைத்தார். அரண்மனைப் பிள்ளைக்கும் இன்பம் தந்தது பொம்மையின் விலையன்று, கையின் உழைப்பு.

நம் தமிழகத்திலும் மரப்பாச்சி உண்டு. செம்மரத்தில் கடையப்பட்டு ஆணும் பெண்ணுமாக இணையாக விற்கப்படும் அப்பொம்மைகளுக்கு வீட்டுப் பெண்கள் துண்டுத் துணியால் சேலையும் வேட்டியும் உடுத்துவர். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. களிமண்ணாலும் காகிதக்கூழாலும் கொலு பொம்மைகள் அங்கே உருவாகின்றன. கொலு நம் சகோதர சமயத்தாரின் வழிபாட்டைச் சார்ந்தது. அது நம் வழக்கமன்று. ஆயினும் எஞ்சிய துணிக்கு ஒரு பயன் காணும் சிக்கனம் இம்மண்ணின் பொதுச் சொத்து.

விலையின் சூத்திரம்

இன்றைய நிலை எங்கே தொடங்கிற்று? 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி அறிமுகமானது. ரூத் ஹேண்ட்லர் என்பவர், ஜெர்மனியில் பெரியவர்களுக்காக விற்கப்பட்ட லில்லி என்னும் பொம்மையைக் கண்டு அதைத் திட்டமிட்டார். பொம்மையின் விலை 3 டாலர். உடைகளோ தனியே விற்கப்பட்டன. அவற்றுள் சில பொம்மையின் விலையையும் விஞ்சின. ஒருமுறை பொம்மையை வாங்கியவர் உடைக்காகக் கடைக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். வணிகத்தின் சூத்திரம் இதுவே. 1980-களின் இறுதியில் இந்தியாவிலும் பார்பி தயாரிக்கப்பட்டது. சேலை உடுத்திய பார்பியும் கடைக்கு வந்தது.

நம் வீடுகளுக்கு அதற்கு முன்பே இவ்வகைப் பொம்மைகள் வந்துவிட்டன. சபராளிகளான வாப்பாமாரும் மாமாமாரும் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கொண்டுவந்த பொம்மை, பெட்டி பிரியாமலே ஷோகேஸில் ஏறியது. வருவோர் போவோர் பார்த்தனர். பிள்ளை மட்டும் தொடக் கூடாது. பல வீடுகளில் அப்பொம்மை ஒருநாளும் விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை.

பார்பியின் உடை நம் நாணத்துக்கு ஒவ்வாதது என்ற கவலை முஸ்லிம் உலகில் மாற்றுப் பொம்மைகளைப் பிறப்பித்தது. 1996-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ரஸான் என்னும் பொம்மை உருவானது. 2002-இல் ஈரானில் சாரா, தாரா என்னும் இரட்டையர் வந்தனர். 2003-இல் ஃபுல்லா வந்தது. ஒருவகை மல்லிகையின் பெயரைத் தாங்கி, அபாயாவும் தலைத்துணியும் அணிந்த அப்பொம்மை அரபு நாடுகளில் பெரும் வரவேற்பைப் பெற்றது. 2017-இல் பார்பி நிறுவனமே, வாள்வீச்சு வீராங்கனை இப்திஹாஜ் முஹம்மதின் சாயலில் ஹிஜாப் அணிந்த பொம்மையை அறிவித்தது.

இவற்றால் நம் பிள்ளைகள் தம் தாயைப் போன்ற முகத்தைக் கடையில் கண்டனர் என்பது நன்மையே. ஆனால் ஃபுல்லாவின் பெயரில் மிதிவண்டியும் தானிய உணவும் எழுதுபொருளும் விற்கப்பட்டன. தலைத்துணி வந்தது, சூத்திரம் மாறவில்லை. உடை நாணமாக இருந்தாலும் பத்து உடைகள் வாங்குவது வீண்விரயமே.

மலிவின் மறுபக்கம்

அப்படியானால் மிக மலிவானதைத் தேடி வாங்குவதே சிக்கனமா? அதற்கும் வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. 1993 மே 10 அன்று தாய்லாந்தில் கேடர் என்னும் பொம்மை ஆலை தீப்பற்றியது. 188 தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். பிற நாட்டுப் பிள்ளைகளுக்காகப் பொம்மை செய்த கைகள் அவை. பேருந்து பேருந்தாக வேலைக்குச் செல்லும் இளம்பெண்களை அன்றாடம் காணும் இச்சாலையின் மக்களுக்கு அச்செய்தி அந்நியமானதாகத் தோன்றாது. ஒரு பொருள் மலிவாக இருக்கிறதென்றால் அதன் விலையை வேறு யாரோ கொடுத்திருக்கக் கூடும்.

நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இறக்குமதித் தீர்வை 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. ஆகவே வெளிநாட்டுப் பொம்மைகளின் விலை ஏறியுள்ளது. நடைபாதையில் முத்திரையின்றிக் கிடைப்பதைப் பிள்ளை வாயில் வைக்கும் என்பதை மறக்கலாகாது. வாங்குவதாயின் முத்திரை உள்ள ஒன்றே ஒன்றை வாங்குவோம். உறவினர் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்து விட்டிருந்தால் அங்கிருந்து பெற்றுக் கழுவிப் பயன்படுத்துவோம். உடையை நாமே தைப்போம்.

ஆறில் ஒரு பங்கு

இவ்வகைப் பொம்மையின் உயரம் பதினொன்றரை அங்குலம், ஏறக்குறைய 29 சென்டிமீட்டர். ஆளின் அளவில் ஆறில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். ஐந்தரை மீட்டர் சேலை இங்கே 92 சென்டிமீட்டர் நீளமும் 19 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டாகும். நீளத்தை ஆறால் வகுக்கலாம். துணியின் தடிப்பை வகுக்க இயலாது. எனவே மல் துணி, நைந்த துப்பட்டா, பழைய கைக்குட்டை போன்ற மெல்லியவையே படியும். கறுப்பும் அடர்சிவப்பும் பொம்மையின் உடலில் சாயம் ஏற்றிவிடும். பழைய புர்காவின் துண்டை எடுத்தால் சாயம் போகும்வரை அலசிய பின்னரே தைக்க வேண்டும்.

எந்த உடையைத் தைப்பது? இக்கட்டுரையின் முடிவாக நாம் முன்வைப்பது இதுவே. அபாயா அணிந்த பொம்மை கடையில் இருக்கிறது. சேலை உடுத்திய பொம்மையும் வந்துவிட்டது. நம் நன்னிமார்கள் தெருவில் இறங்கும்போது தலை முதல் கால் வரை போர்த்திய வெள்ளைத் துப்பட்டியை எந்த நிறுவனமும் பொம்மைக்கு அணிவிக்கவில்லை. இளம் தலைமுறையில் அதைக் கண்டோர் அருகி வருகின்றனர். காதின் விளிம்பெங்கும் அவர்கள் அணிந்த அலுக்கத்தின் பெயரே பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

பொம்மை ஒரு காலத்தில் ஆடைப் பாங்கின் தூதாக இருந்தது என்று கண்டோம். அப்பணியை அதற்கு மீண்டும் தருவோம். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பெட்டியடியில் மடித்து வைத்திருக்கும் துப்பட்டியை எடுத்துத் தரும்படி நன்னிமாவிடம் கேட்போம். பிள்ளை அதை அளந்து ஆறால் வகுக்கட்டும். எப்படிப் போர்த்துவது என்று நன்னிமாவே காட்டட்டும். பொம்மை வேண்டாமென்று தயங்கியவரும், முகம் வரையாத துணிப்பொம்மைக்குப் போர்த்திக் காட்ட இசையக் கூடும். செலவு நூலும் ஊசியும் மட்டுமே. கிடைப்பதோ ஒரு குடும்பத்தின் நினைவு.

ஒட்டுத்துணிச் சிறகைக் கண்டு மகிழ்ந்து சிரித்த அண்ணலாரின் உம்மத்து நாம். நம் பிள்ளைகளின் கைவேலையைக் கண்டு நாமும் சிரிக்கக் கற்போம். வீண்விரயத்திலிருந்தும் கஞ்சத்தனத்திலிருந்தும் வல்ல அல்லாஹ் நம்மைக் காத்து, நடுநிலையில் வாழ அருள்புரிவானாக. ஆமீன்.