மீரியபெத்தையில் மண் சரிந்த பிறகு

செலண்டார், ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு லயம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வேலை இருக்கும்வரை வீடு. நிலமோ தோட்டத்துடையது. இதே வழக்கத்தில் வாழ்ந்த இலங்கை மலையகத் தமிழர்களுக்கு நேர்ந்ததை இன்று பார்ப்போம்.

பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை என்றொரு தேயிலைத் தோட்டம். 2014 அக்டோபர் 29 காலையில், விடாது பெய்த மழைக்குப் பின் மலைச்சரிவு பெயர்ந்து லயங்களின்மேல் இறங்கியது. 37 பேர் மாண்டதாகக் கணக்கிட்டார்கள். பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை.

இது எதிர்பாராத விபத்தா? அப்படிச் சொல்வதற்கில்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. அப்படியானால் சனங்கள் ஏன் போகவில்லை என்று கேட்பது எளிது. எங்கே போவது? கையில் ஒரு துண்டு நிலம் இல்லாதவனிடம் 'இடத்தைக் காலி செய்' என்றால், அவன் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு மறுநாள் கொழுந்து பறிக்கத்தான் போவான். எச்சரிக்கைத் தாளோடு மாற்று நிலமும் வந்திருக்க வேண்டும். எங்கள் பார்வையில் அரசின் திட்டம் தவறியது இங்கேதான். வீடு கட்டியதில் அல்ல.

கட்டவும் காலம் பிடித்தது. தப்பிய குடும்பங்களில் பல, மாக்கல்தெனியவிலிருந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கவைக்கப்பட்டன. ஒரே கூரையின்கீழ் துணியை மறைப்பாகக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துவது எப்படியிருக்கும் என்பதை நம் தாய்மார்களே சொல்வார்கள். 2016 அக்டோபரில்தான், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 75 புதிய வீடுகள் ஒப்படைக்கப்பட்டன.

அவை தனித்தனி வீடுகள். இதை நாம் குறைத்து மதிக்கக் கூடாது. பத்துக் குடும்பங்கள் ஒரே சுவரைப் பங்கிட்ட லயத்திலிருந்து, தனிக் கூரைக்கும் தனி முற்றத்துக்கும் வந்தது பெரிய மாற்றம். தோட்ட வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச், அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி நிலம் என்ற கொள்கை 2015ல்தான் வந்தது. அதற்கு முன்னே ஒரு மலை சரிய வேண்டியிருந்தது!

நம் நாட்டில் 1990ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. தண்ணீர், கழிவறை, அறையின் அளவு எல்லாம் அதில் அடங்கும். வீட்டை அது சொந்தமாக்கவில்லை.

மீரியபெத்தைக்கு 75 வீடுகள் கிடைத்த பிறகும், பதுளையிலும் நுவரெலியாவிலும் மண்சரிவு அபாயம் என்று குறிக்கப்பட்ட சரிவுகளில் லயங்கள் இருந்தன. அவற்றில் அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது.