பசையும் பசியும்

சென்ற கோடை விடுமுறையில் ராசிபுரத்தில் இருக்கும் என் தமக்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். போன மறுநாளே அவளுடைய பிள்ளைகள் இருவரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, "மாமா, எங்களுக்கு ஸ்லைம் செய்து கொடுங்கள்" என்றார்கள்.

ஸ்லைம் என்றால் என்னவென்று அறியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பசையில் வெங்காரம் கரைத்த நீரைச் சிறிது விட்டுக் கலக்கினால், இழுத்தால் நீண்டு, விட்டால் வழியும் ஒரு வஸ்து உண்டாகிறது. பசையில் இருக்கும் சங்கிலி போன்ற மூலக்கூறுகளை வெங்காரம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு விடுகிறது. முடிச்சுகள் அவிழ்ந்து அவிழ்ந்து மறுபடியும் விழுகின்றன. அதனால்தான் அது கட்டியாகவும் ஆகாமல் நீராகவும் ஓடாமல் இரண்டுங்கெட்டானாக நிற்கிறது. 1976-ல் அமெரிக்க மேட்டல் கம்பெனி இதைப் பொம்மையென்று டப்பாவில் அடைத்து விற்றது. அதில் சேர்த்த கோந்து, நம் கொத்தவரை விதையின் கோந்துதான்!

குழந்தைகள் கையில் வெங்காரத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சுற்றிலும் சேகோ ஆலைகள் உள்ள ஊரில் அது எதற்கு? குச்சிக்கிழங்கு மாவு இரண்டு டம்ளர் எடுத்து, ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுத் தாம்பாளத்தில் கரைத்தேன். மெதுவாக விரலை விட்டால் உள்ளே போயிற்று. ஓங்கிக் குத்தினால் கல்லாக நின்றது! மாவுத் துகள்கள் நீரில் கரைவதில்லை, மிதக்கின்றன. சாவகாசமாக வருகிற விரலுக்கு விலகி வழிவிடும். திடீரென்று அடித்தால், விலக நேரமின்றி ஒன்றோடொன்று நெருக்கி இறுகிக்கொள்ளும்.

பிள்ளைகள் ஆரவாரம் செய்ததைக் கேட்டு, தமக்கையின் மாமியார் வெளியே வந்தார். எண்பத்தைந்து வயதைத் தாண்டியவர். தாம்பாளத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏங் கண்ணு, திங்கற மாவக் கொட்டியா விளையாடறது? நான் உன்னாட்டம் இருக்கறப்ப இந்தக் கிழங்குதான் எங்களுக்குச் சோறு" என்றார்.

நான் வெட்கிப்போனேன். அந்த வார்த்தைக்குள் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது.

குச்சிக்கிழங்கின் பூர்வீகம் பிரேசில். போர்த்துக்கீசியர் கொண்டு வந்த அந்தப் பயிரை, 1880 முதல் 1885 வரை திருவாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா தம் நாட்டில் பரப்பினார். ஜவ்வரிசியோ அந்நாளில் மலாய் நாட்டுப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது. 1942-ல் மலாயாவும் ஜாவாவும் ஜப்பானியர் வசமாயின; ஜவ்வரிசியும், நூலுக்குக் கஞ்சி போட வேண்டிய மாவும் நின்றுபோயின. அந்தச் சமயத்தில், மீன் வியாபார விஷயமாகக் கேரளத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த சேலம் மாணிக்கம் செட்டியார், 1943-ல் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். கிழங்கிலிருந்து மாவெடுக்கும் வித்தை ஷாவுக்குத் தெரியும். கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, மாவைப் படிய வைத்து, உருட்டி, வறுத்து எடுக்கும் தொழில் சேலத்தில் குடிசைத் தொழிலாகத் தொடங்கியது.

அடுத்த வருஷமே சோதனை வந்தது. 1942-ல் பர்மா அரிசி நின்றிருந்தது. 1943-ல் வங்காளத்தில் பட்டினியால் லட்சக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். 1944-ன் பஞ்சத்தில் சேலம் கலெக்டர், கிழங்கு உணவுப் பொருள், அதை மாவாக்கக் கூடாது, ஜில்லாவை விட்டு வெளியே அனுப்பவும் கூடாது என்று உத்தரவிட்டார். ராசிபுரமும் அன்று சேலம் ஜில்லாதான். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்.

கலெக்டரைக் குறை சொல்ல முடியுமா? மனிதன் பசித்திருக்கையில் துணிக்குக் கஞ்சி போடுவது நியாயமா? ஆனால் கிழங்கு, தோண்டிய இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். மாவோ மாதக்கணக்கில் இருக்கும். உற்பத்தியாளர்கள் செட்டியார் தலைமையில் சங்கம் கூடி, மேலிடத்தில் முறையிட்டு உத்தரவை ரத்து செய்வித்தார்கள். அன்று பிழைத்த தொழிலுக்கு 1981-ல் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மறுநாள் காலையில் பார்த்தால், தாம்பாளத்தில் மேலே தெளிந்த நீர். கீழே கெட்டியாகப் படிந்த மாவு. ஆலைத் தொட்டியில் நடப்பதும் இதுவேதான். பெரியவர் நீரை இறுத்துவிட்டு, மாவைச் சுரண்டி எடுத்து, வேறு தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றினார். சூட்டில் துகள்கள் உப்பி வெடித்து, வெள்ளைக் கரைசல் கண்ணாடி போன்ற பசையாயிற்று. பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட அது உதவும் என்றார். ஒரு சிட்டிகை மாவு வீணாகவில்லை.

"ஆயா, அந்தக் கலெக்டர் பண்ணது சரியா, தப்பா?" என்று கேட்டான் சின்னவன்.

"பசிச்சவனுக்குச் சரி கண்ணு, வெளைய வெச்சவனுக்குத் தப்பு" என்று சொல்லிவிட்டு, அடி பிடித்துவிடாமல் பசையைக் கிளறிக்கொண்டிருந்தார்.