ஒரு மூட்டை அரிசியும் கொல்லைப்புற வாசலும்

2016-ல் மகன் வீட்டில் நாலு மாதம் தங்கியிருந்தேன். அவன் இருப்பது அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துத் தலைநகர் சால்ட் லேக் சிட்டி. மார்மன் சபையின் தலைமையிடமும் அதுதான். பக்கத்து வீட்டுக்காரர் மார்மன். என்னைப் போலவே ரிட்டயர் ஆனவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் சுட்ட வடையை எடுத்துக்கொண்டு போனேன். "இன்று விரதம், சாயந்திரம் சாப்பிடுகிறேன்" என்று வாங்கி வைத்தார்.

ஏகாதசி மாதிரியா என்று கேட்டேன். அவர் விளக்கினார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளை சாப்பிடமாட்டார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தை, முடிந்தால் அதற்கு மேலும், சபையில் கொடுத்துவிடுவார்கள். சம்பளம் வாங்காத உள்ளூர் பிஷப் அதை ஏழைகளுக்குச் செலவிடுவார். மளிகைச் சாமான் கொடுக்கத் தனியாகக் களஞ்சியமே வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சபையை 1830-ல் தொடங்கியவர் ஜோசப் ஸ்மித். மறு வருடமே அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஒவ்வொருவரும் தன் சொத்தைச் சபைக்கு எழுதிவைத்து, குடும்பத்தின் தேவைக்கு ஏற்றதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும், மிச்சம் ஏழைக்கு. அந்தத் திட்டம் நிலைக்கவில்லை. ஆனால் ஏழை இல்லாத ஊர்தான் கடவுளின் ஊர் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நம் வடலூர்தான் நினைவுக்கு வந்தது. சிதம்பரம் பக்கத்து மருதூரில் 1823-ல் பிறந்த இராமலிங்க வள்ளலார், 1867 மே 23-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஊர்மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. என்ன சாதி என்று கேட்காமல் சோறு போடுகிற இடம்.

பெருமையாகச் சொல்லி முடித்ததும் அந்தப் பெரியவர் மெதுவாக ஒன்று சொன்னார். "எங்கள் சபையில் ஒரு குறை இருந்தது. கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் கிடையாது என்று 1852-ல் பிரிகாம் யங் அறிவித்தார். 1978 ஜூன் வரை அப்படித்தான். அதுவரை நானும் பேசாமல்தான் இருந்தேன்."

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு கதை உண்டு. தைப்பூசத்துக்கு ஒரு மூட்டை அரிசி வடலூருக்குப் போகும். ஆயா தன் கையாலேயே புடைத்துக் கட்டுவார். அதே நாளில் எங்கள் நிலத்தில் உழைத்தவர்கள் கொல்லைப்புறமாகத்தான் வருவார்கள். கொட்டாங்கச்சியில் கூழ் ஊற்றுவோம், எட்ட நின்று. நானும் ஊற்றியிருக்கிறேன். பத்து வயதிருக்கும். தவறு என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சிதம்பரத்தில் இதைத் தவறு என்று சொன்னவர் சுவாமி சகஜானந்தர். ஆரணி பக்கம் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் 1890-ல் பிறந்தவர். கோயிலுக்குள் போக நந்தனார் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்று சொல்லப்படும் ஊருக்கு வந்து, 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஓமக்குளத்தில் அவர் வளர்த்த பள்ளியில் படித்த பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள், அதிகாரியும் ஆனார்கள். சட்டசபையில் உறுப்பினராக இருந்தும் அந்த மக்களுக்காக வாதாடினார். 1959-ல் மறையும்வரை துறவியாகவும் இருந்தார், அரசியல்வாதியாகவும் இருந்தார்.

சோறு போடுவது தருமம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பசித்தவனிடம் தத்துவம் பேச முடியாது. ஆனால் போடுகிறவன் திண்ணையிலும் வாங்குகிறவன் கொல்லையிலும் நிற்கும்வரை அதை நியாயம் என்று சொல்ல மனம் வரவில்லை. வள்ளலார் பந்தியையே பொதுவாக்கினார். நாங்கள் அரிசியை அனுப்பிவிட்டு அந்தப் பாடத்தை விட்டுவிட்டோம்.

ஊர் திரும்பியதும் எங்கள் வயலில் உழைத்த ஒருவரின் மகனைத் தேடிப் போனேன். என் வயதுதான், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். படித்தது ஓமக்குளத்தில். முன்வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. கொட்டாங்கச்சியைப் பற்றி அவரும் பேசவில்லை. நான்தான் ஆரம்பித்தேன்.