மனைக்கல்வியும் அளவைக் கணக்கும்

தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பலரும் திண்ணைப்பள்ளியிலிருந்தே தொடங்குவர். பள்ளிக்குச் செல்லாது இல்லத்திலேயே தந்தையிடமும் உறவினரிடமும் எழுத்தும் எண்ணும் பயின்ற சிறுவர் எத்துணையர், அவர்கள் பயின்ற முறை யாது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பெறுகின்றன. அரசாங்க ஆவணங்கள் இவற்றிற்கு அரைகுறையாகவே விடை தருகின்றன. எஞ்சிய விடையைத் தமிழ் அளவைச் சொற்களிலும் கணக்கு நூல்களிலும் தேடுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. ஆவணம் காட்டுவது

சென்னை மாகாண ஆளுநராக விளங்கிய தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டில் நாட்டுக்கல்வியின் நிலையைப் பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். வந்த விடைகளைத் தொகுத்து 1826-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு குறிப்புரை வரைந்தார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன என்பதும், அவற்றில் ஏறத்தாழ 1,88,000 மாணவர் பயின்றனர் என்பதும் அதனால் அறியப்படுகின்றன. 1983-இல் தரம்பால் தம் 'அழகிய மரம்' என்னும் நூலில் இவ்வாவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பின்னர், இவ்வெண்கள் பற்றிய வாதங்கள் பெருகின.

அவ்வாதங்களில் போதிய இடம்பெறாத எண் ஒன்று உண்டு. சென்னை நகரில் மட்டும் இல்லத்தில் பயின்றோர் 26,000-க்கு மேற்பட்டோர் எனக் கணக்கு வந்தது. இது பள்ளியில் பயின்றோர் தொகையைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. மன்றோவே இதில் பிழை இருத்தல் கூடும் என ஐயுற்றார். ஆயினும், சிறுவர் உறவினரிடமோ தனியாசிரியரிடமோ இல்லத்தில் பயிலும் வழக்கம் நாட்டின் எப்பகுதியிலும் அரிதன்று என்றும் உடன் எழுதினார். பிற மாவட்டங்களிலிருந்து இத்தகைய கணக்கு வரவில்லை. அதனை உட்கொண்டே, பள்ளிப் பருவத்து ஆண்மக்களுள் கல்வி பெறுவோரை நான்கில் ஒரு பங்கினர் என்பதினும் மூன்றில் ஒரு பங்கினர் என்பதே பொருந்தும் என அவர் மதிப்பிட்டார். மனைக்கல்வி உண்டு என்பதை ஆவணம் ஒப்புகிறது. அது நிகழ்ந்த முறையை ஆவணம் கூறவில்லை.

2. அளவையே பாடம்

திண்ணைப்பள்ளி மாணவர் மனனம் செய்த கணக்குப் பாடங்கள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்பன. பொன்னை நிறுத்தலும், நெல்லை முகத்தலும், நிலத்தை அளத்தலும் இவற்றின் பொருள். ஆகவே இவை பள்ளிக்கென்றே படைக்கப்பட்ட பொருள் அல்ல. இல்லத்திலும் களத்திலும் நாள்தோறும் நிகழ்ந்த தொழில்களே பாடமாக அமைந்தன.

நெல்லளவையை எடுத்துக்கொள்வோம். ஆழாக்கு இரண்டு கொண்டது உழக்கு. உழக்கு இரண்டு கொண்டது உரி. உரி இரண்டு கொண்டது நாழி. நாழி எட்டுக் கொண்டது குறுணி, அதுவே மரக்கால். குறுணி இரண்டு பதக்கு. பதக்கு இரண்டு தூணி. தூணி மூன்று கலம். ஆகவே கலம் ஒன்றுக்கு நாழி 96. ஆழாக்கு முதல் நாழி வரை ஒவ்வொரு படியும் இரட்டித்தே செல்வதைக் காண்க. உழக்கால் இருமுறை முகந்து உரியை நிரப்பும் குழந்தை, பாதி என்பதன் பொருளைச் சொல்லால் அன்றிக் கையால் அறிகிறது. தூணியிலிருந்து கலத்திற்கு ஏறுங்கால் இரண்டு மூன்றாகிறது. வாய்ப்பாட்டை ஓதுவோன் தடுமாறக்கூடிய இவ்விடத்தில் அளந்து பழகியவன் தடுமாறான். மனப்பாடமே பழைய கல்வியின் முழுவடிவம் என்று குறைகூறியோர், அம்மனப்பாடத்திற்கு அடியில் கிடந்த இக்கைப்பழக்கத்தைக் கண்டிலர்.

3. இலக்கணமும் கணக்கு நூலும்

இவ்வளவைச் சொற்கள் மக்கள் வழக்கில் எத்துணை ஊன்றியிருந்தன என்பதற்குத் தொல்காப்பியமே சான்று. அளவுப்பெயர்க்கும் நிறைப்பெயர்க்கும் மொழிமுதலாக வரும் எழுத்துக்கள் ஒன்பது என அந்நூலின் தொகைமரபு வரையறுக்கிறது. நாழி என்பதனோடு உரி என்பது சேருங்கால் 'நாடுரி' என்றாகும் எனத் தனி விதியும் கூறுகிறது. ஒன்றரை நாழியைக் குறிக்கும் ஒரு சொல்லுக்காக இலக்கண ஆசிரியர் ஒரு நூற்பா செய்தனர் எனின், அச்சொல் நாவில் தேய்ந்து வடிவு திரியும் அளவிற்கு வழங்கியிருத்தல் வேண்டும்.

காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரமும் இவ்வகையில் நோக்கத்தக்கது. பலாப்பழத்தின் சுளைகளைப் பிளவாமலே அறிதற்கு அந்நூல் ஒரு வழி கூறுகிறது: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டும் என்பது. இவ்விதி எல்லாப் பழத்திற்கும் பொருந்துமா என்பது ஈண்டு வினா அன்று. பழத்தை அறுத்துச் சுளைகளை எண்ணி விடையைச் சரிபார்க்கும் இடம் இல்லத்து முற்றமே. இத்தகைய கணக்குகள் இல்லத்திலும் பயிலப்பட்டன எனக் கருத இடமுண்டு.

4. மனைக்கல்வியின் எல்லை

எனினும் இதனைப் பொற்காலமாகப் புனைந்துரைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. மரக்கால் கொண்டு அளக்க நெல்லுள்ள இல்லத்தில்தான் நெல்லிலக்கம் கைவந்த பாடமாகும். பிறர் களத்தில் உழைத்துக் கூலியாக நெல் பெற்ற குடும்பத்துப் பிள்ளைக்கு அளவை தெரிந்திருக்கலாம்; அதனை எழுதும் எழுத்தும், பொய்யளவை வாதிட்டு மறுக்கும் கணக்கும் வாய்த்தில. மன்றோவின் கணக்கில் பள்ளி சென்ற பெண்மக்கள் மிகச் சிலரே. அரிசியை நாள்தோறும் அளந்தவர்கள் பெண்களே ஆயினும், அவர்தம் அறிவு எந்த ஏட்டிலும் கல்வி எனப் பதியப்பெறவில்லை. இல்லமே பள்ளியாக இருந்தபோது, இல்லத்தின் ஏற்றத்தாழ்வே கல்வியின் ஏற்றத்தாழ்வுமாயிற்று.

5. முடிவுரை

1956-ஆம் ஆண்டின் அளவைச் சட்டத்தின் வழிப் பதின்ம முறை நாடெங்கும் பரவியது. வணிகத்திற்கு அது நன்மையே. ஆயின் நாழியும் உரியும் இல்லத்தினின்று நீங்கவே, சுவடியில் உள்ள கணக்கு வெறுஞ் சொற்கோவையாக நிற்கிறது. இன்று கணக்குச் சுவடிகளைப் பதிப்பிக்கும் மாணவர், பிரதி வேறுபாடுகளைக் குறிப்பதோடு அமையாமல், உழக்கையும் நாழியையும் முன்வைத்து ஒவ்வொரு வரியையும் அளந்து பார்த்தல் வேண்டும். எண் பிழைபட்ட பாடம் எது, திருந்திய பாடம் எது என்பதை அப்பாத்திரங்களே பல இடங்களில் காட்டிவிடும். கையால் கற்பிக்கப்பட்ட ஒரு கல்வியின் வரலாற்றைக் கண்ணால் மட்டும் படித்து எழுதிவிட இயலாது என்பதே நாம் கண்ட முடிவு.