கோலம் கேட்டு வாங்கின கதை

மார்கழி பொறந்தாச்சு. சம்பா பால் பிடிச்சு நிக்குது, தண்ணி பார்க்கிறதைத் தவிர வயல்ல எனக்குப் பெரிய வேலை இல்ல. அதனால இந்தத் தடவை நெல்லை விட்டுட்டு எங்க அம்மாவோட கோல நோட்டைப் பத்தி எழுதுறேன்.

1979ல நான் ரெண்டாம் வகுப்பு படிக்கிறப்ப எனக்கு வாங்கின நோட்டு அது. முதல் பாதியில என் வாய்ப்பாடு, மீதியை அம்மா எடுத்துகிட்டாங்க. ஒவ்வொரு கோலத்துக்கும் கீழ அதை யார் கொடுத்ததுன்னு பென்சில்ல எழுதியிருக்கும். 'நடுவீட்டு அக்கா'. 'தபால்காரர் சம்சாரம்'. 'கும்மோணம் பஸ்ஸில் வந்த டீச்சர்'. நெல் கடன் வாங்கினா எப்படி எழுதி வைப்பாங்களோ அப்படித்தான் இதுவும்.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கோலத்தை வாயாலயே கேட்டு வாயாலயே வாங்கலாம். "15 புள்ளி, இடைப்புள்ளி, 8ல நிறுத்து" அப்படின்னா போதும். நடு வரிசையில 15, மேலயும் கீழயும் ஒண்ணொண்ணா குறைச்சு, முந்தின வரிசையோட சந்துல சந்துல வைச்சு, 8ல நிறுத்தணும். மொத்தம் 169 புள்ளி. நேர்ப்புள்ளின்னா ரெண்டு ரெண்டா குறையும். குழாயடியில குடம் நிறையறதுக்குள்ள இதைச் சொல்லி முடிச்சிடலாம். ஆனா புள்ளியைத்தான் சொல்ல முடியும். கம்பி எங்க ஆரம்பிச்சு எங்க திரும்புதுன்னு தரையில ஒரு தடவை போட்டுக் காட்டினாத்தான் உண்டு. சிக்குக் கோலத்துக்கு அதுதான் உயிரே.

வாசலைப் பெருக்கிக் கோலமிடுறது ரொம்பப் பழைய பழக்கம். தை மாசத்துல தரையைத் துப்புரவு பண்ணி மண்டலம் போடுறதை ஆண்டாளே நாச்சியார் திருமொழியில சொல்லியிருக்காங்க. அதுல வெள்ளை மணலும் வருது. வெளிநாட்டுக்காரங்க கண்ணுல இது பட்டதும் நேத்து இல்ல. ஜான் லேயர்ட்ங்கிற ஆங்கிலேயர் பசிபிக் கடல்ல மலேகுலா தீவுல ஆராய்ச்சி பண்ணவர். அங்க உள்ள ஜனங்க மணல்ல விரலால கோடு போட்டு வரையிற படத்தையும் நம்ம வாசல் கோலத்தையும் சேர்த்து வைச்சு 1937ல எழுதினாரு. அப்புறம் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோன்மணி. அவரு, அவரு மனைவி ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் 1974ல கோலத்தைக் கணக்கு இலக்கணமா மாத்தி ஒரு கட்டுரை போட்டாங்க. கம்ப்யூட்டர் படம் வரையிறதுக்கு எந்த விதிப்படி போகணுமோ அந்த மாதிரி விதி. 'கிருஷ்ணர் சலங்கை'ன்னு ஒரு கோலம் உண்டு, அது இப்பவும் கம்ப்யூட்டர் புத்தகத்துல உதாரணமா வருதாம். கோலம் போடுற பெண்கள் முழுப் படத்தை மனசுல வைக்கிறதில்ல, 'நேரா போ, இடது பக்கம் வளை, புள்ளியைச் சுத்து'ன்னு கை போற வழியைத்தான் ஞாபகம் வைக்கிறாங்கன்னு சிரோன்மணி சொன்னாரு. பத்தாம் வகுப்போட நின்ன எனக்கு அந்த இலக்கணம் புரியாது. ஆனா இது புரியுது. எங்க அம்மாகிட்ட "அடுத்து எங்கம்மா போகும்?"னு கேட்டா பதில் வராது. மாவைக் கையில கொடுத்தா விரல் தானாப் போகும்.

அப்புறம் பொம்பளைங்க பத்திரிகையில மார்கழிக்கு கோலப் புத்தகம் இலவசமா வர ஆரம்பிச்சுது. அதுலேர்ந்து அம்மா யாரையும் கேட்கலை. நோட்டுல கடைசிப் பதினஞ்சு பக்கத்துல பேரே இல்ல, 'புஸ்தகம்'னு மட்டும் இருக்கு. கோலமெல்லாம் முன்னாடி இருந்ததை விட பெருசு. எனக்கென்னமோ அந்தப் பக்கங்களைப் புரட்ட மனசு வரலை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சென்னையில இருக்கிற என் மக போன மாசம் அந்த நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுச்சு. அதுல ஒரு கோலத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. 9 புள்ளி, நேர்ப்புள்ளி, 1ல முடியும். 41 புள்ளிதான். பக்கத்துல 'ஒரே கம்பி'ன்னு அம்மா எழுதியிருந்தாங்க. நடுவுல செல்லு அரிச்சுப் போச்சு. மக தானா ரொப்பிப் போட்டுப் பார்த்தா ரெண்டு கம்பியா பிரியுது. "அப்பா, யார்கிட்டயாவது கேளுங்கப்பா"ன்னுச்சு.

யார்கிட்ட கேட்கிறது? கீழ பேர் இருக்கணுமே, பார்த்தேன். 'நடவுக்கு வந்தவ'ன்னு இருந்துச்சு. அத்தனை பக்கத்துல அக்கா, பெரியம்மா, டீச்சர். இந்த ஒரு பக்கத்துல மட்டும் 'வந்தவ'.

எனக்கு ஆள் தெரியும். ஐப்பசி நடவுல, மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டு வரப்புல உட்கார்ந்து, ஈரச் சேத்துல குச்சியால போட்டுக் காட்டினதை நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். அம்மா வரப்புல குனிஞ்சு நின்னாங்க, கிட்டக்க உட்காரலை. காலனித் தெருவுல இருக்காங்க, எழுபது தாண்டியிருக்கும். எங்க வயல்ல வருஷக்கணக்கா நட்டவங்க. ஆள் கூப்பிட அந்தத் தெருமுனை வரைக்கும் எத்தனையோ தடவை வண்டியில போயிருக்கேன். இறங்கி ஒரு வீட்டு வாசலுக்குப் போனது இதான் முதல் தடவை. ஐம்பத்து மூணு வயசுல. எழுதவே கூச்சமா இருக்கு.

சின்ன வயசுல என்னை 'சின்னய்யா'ன்னு கூப்பிட்டவங்க, இப்ப "வாங்க தம்பி, ஆளு வேணுமா? நடவெல்லாம் முடிஞ்சு போச்சே"ன்னாங்க. "இல்லம்மா, ஒரு கோலம் கேட்க வந்தேன்"னேன். சிரிச்சாங்க. நோட்டைக் கண்ணுகிட்ட வைச்சுப் பார்த்துட்டு, "இது என் கோலம் இல்ல தம்பி. உங்க பெரியம்மா வாசக் கோலம்"னாங்க.

பெரியப்பா வீடு எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. வாய்க்கால் தகராறுல கோர்ட்டு வரைக்கும் போயி, ஒம்பது வருஷம் ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அம்மா அந்த வாசல்ல நின்னு பார்க்கக்கூட முடியாது. இவங்க அப்ப அந்த வீட்டு மாட்டுக் கொட்டாயில விடியக்காலம் சாணி அள்ளப் போவாங்களாம்.

"நின்னு பார்த்தா என்னடி பார்வைன்னு கேப்பாங்க. கூடையோட போறப்ப ஒரு பக்கம், வர்றப்ப ஒரு பக்கம்னு நாலு நாளு பார்த்தேன். வீட்டுக்கு வந்து சுண்ணாம்புப் பொடியில போட்டுப் பார்த்தேன், வந்துருச்சு."

"அது யார் வாசக் கோலம்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா கேட்டாங்க? அந்தத் தெருவுல ஒரு ஒத்தக் கம்பிக் கோலம் போட்டிருக்காமே, உனக்குத் தெரியுமான்னுதான் கேட்டாங்க. வீட்டைச் சொல்லலை. நானும் சொல்லலை."

ரெண்டு வீடு தள்ளி இருந்த கோலம், காலனித் தெருவுக்குப் போயி, வயல் வரப்புக்கு வந்து, எங்க வாசலுக்கு வந்திருக்கு. பெரியம்மாவும் இல்ல, அம்மாவும் இல்ல. கேஸ் எப்பவோ முடிஞ்சு, அந்த வாய்க்காலும் இப்ப தூர்ந்து கிடக்கு.

குச்சி எடுத்து வாசல் மண்ணுல புள்ளி வைச்சாங்க. கை நடுங்குச்சு, ஆனா நிக்கலை. நடுப்புள்ளிக்குப் பக்கத்துல வந்ததும், "இங்கதான் உங்க மக தப்பு பண்ணியிருக்கும். புள்ளியைச் சுத்தித் திரும்பக் கூடாது, குறுக்க தாண்டிப் போவணும். தாண்டினாத்தான் ரெண்டும் ஒண்ணாவும்"னாங்க. கம்பி ஆரம்பிச்ச இடத்துல வந்து சேர்ந்துச்சு. போன்ல வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

கிளம்புறப்ப அவங்க பேரைக் கேட்டேன். நாப்பது வருஷத்துக்கு மேல ஆளைத் தெரியும், முழுப் பேர் தெரியாது. சொன்னாங்க. வீட்டுக்கு வந்து 'நடவுக்கு வந்தவ'ங்கிறதுக்குப் பக்கத்துல அந்தப் பேரை எழுதினேன். பெரியம்மா பேரையும் எழுதினேன். அம்மா எழுதினதை அடிக்கலை.